இந்த அடி யாருடையது?

எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மாசி மாதத்து இரவு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, காமன் கூத்து ஆடும் பொட்டலில் சனம் கூடத் தொடங்கிவிட்டது. அந்திக்குப் பெய்த மழையின் ஈரம் இன்னும் விடவில்லை. ஈரக்காற்றுப் பட்டால் தப்பு என்ற பறையின் தோல் தளர்ந்துபோகும்; அடித்தால் ஊறிய பலகையைத் தட்டியது போலச் செத்த ஓசைதான் வரும். ஆகையால் தப்புக்காரர்கள் முதலில் தீ மூட்டுகிறார்கள். காய்ந்த சருகையும் கிழிந்த அட்டைப்பெட்டியையும் போட்டு எரித்து, தப்பின் முகத்தைத் தீக்கு நேரே பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். கிட்டப் பிடித்தால் தோல் பொசுங்கும், எட்டப் பிடித்தால் சூடு ஏறாது. இடைக்கிடை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டதும் தப்பு தோளுக்கு ஏறுகிறது. வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. ரதியின் வரவுக்கு ஓர் அடி. வீரபத்திரன் வரவுக்கு வேறோர் அடி. அந்த அடி மாறிய கணத்திலேயே, ஆள் பொட்டலுக்கு வருமுன்பே, வரப்போவது யாரென்று லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வு நேரத்தில் ஒரு பையன் மூத்த தப்புக்காரரிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “தாத்தா, இந்த அடி யாருகிட்ட படிச்சீங்க?” “எங்க அப்பாகிட்டப்பா.” “அவரு?” “அவரு அவரோட மாமாகிட்ட படிச்சதா சொல்லுவாரு.” அதற்கு மேல் பெயர் ஓடாது. மூன்றாம் தலைமுறையிலேயே நூல் அறுந்துவிடும். எழுதி வைத்தவர் யாருமில்லை. எழுதி வைக்க வேண்டிய பெயர் அதுவென்று நினைத்தவர்களும் குறைவு.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இதே கேள்வியைக் கேட்டால் பதில் அவ்வளவு சீக்கிரம் முடியாது. கோர்க், கெரி என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் ‘ஷ்லீவ் லூக்ரா’ என்றொரு மேட்டுநிலம் உண்டு. கோரைப்புல் மலை என்பது பெயரின் பொருள். சதுப்பும் வறுமையும் நிறைந்த பூமி. அங்கே பிடில்காரர் ஒருவர் ஒரு போல்கா மெட்டை வாசித்து முடித்தால், அதை யாரிடமிருந்து பெற்றார் என்று சொல்லாமல் வில்லைக் கீழே வைப்பது மரியாதைக் குறைவு. ‘டெனிஸ் மர்ஃபியின் போல்கா’, ‘ஜானி ஓலியரியின் போல்கா’ என்று ஆட்பெயரில் மெட்டுகள் உண்டு. ‘பாலிடெஸ்மண்ட் போல்கா’ என்று ஊர்ப்பெயரிலும் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் பெரும்பாலும் மெட்டைக் கட்டியவர் அல்லர். அதை வாசித்து வாசித்து அடுத்தவர் காதில் ஏற்றியவர். கட்டியவரை மறந்தாலும் காத்தவரை மறக்காதது அவ்வூர் வழக்கம்.

இத்தனைக்கும் போல்கா அயர்லாந்தின் சொந்தச் சரக்கே அல்ல. இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் 1830களில் தலையெடுத்த நாட்டுப்புற ஆட்டம் அது. பிராக், வியன்னா வழியாக 1840 அளவில் பாரிசுக்குப் போய், 1844இல் லண்டனைப் பித்துப் பிடிக்க வைத்தது. நடன ஆசிரியர்களும் பட்டாளத்து பேண்ட் வாத்தியக்காரர்களும் அதை அயர்லாந்துக் கிராமம்வரை கொண்டுபோனார்கள். அங்கே வேகம் கூடியது, காலடி மாறியது, விவசாயி வீட்டுக் கற்றரையில் நாலு சோடி நின்று ஆடுவதற்கு ஏற்றபடி மெட்டு சுருங்கியது. இரண்டே இரண்டு எண்ணிக்கைத் தாளம். மெட்டில் இரண்டு பாகம். பாகத்துக்கு 8 தாளக்கட்டு. ஒவ்வொன்றும் இரு தடவை. அரை நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அந்தச் சின்னஞ்சிறு கூட்டுக்குள்தான் வாசிப்பவர் தன் கையின் குணத்தைக் காட்டியாக வேண்டும்.

பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்க 1893இல் எழுந்த கேலிக் லீக், போல்காவை வந்தேறி ஆட்டம் என்று தன் மேடைகளிலிருந்து ஒதுக்கியது. 1935இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம், அனுமதிப் பத்திரமின்றி நடனம் நடத்தக் கூடாது என்றது; வீட்டுக் கூடங்களில் நடந்த ஆட்டங்கள் அதனால் அடிவாங்கின. ஒரு பக்கம் ‘இது நம்முடையது இல்லை’ என்ற தேசியவாதிகள், மறுபக்கம் ‘இது ஒழுக்கக் கேடு’ என்ற பாதிரிமார். இடையில் மாட்டிய மெட்டைக் காப்பாற்றியது அரசுமல்ல, அறிஞர் சபையுமல்ல. வேலை போன ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் பெயர் பாட்ரிக் ஓகீஃப். பிறந்தது 1887. தகப்பனாருக்குப் பின் கிளவுன்டேன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியரானவர். 1920இல் அந்த வேலை போயிற்று. அதன்பின் சாகும்வரை, அதாவது 1963வரை, மலைப்பாதைகளில் நடந்து வீடு வீடாகப் பிடில் சொல்லிக்கொடுத்தார். படிக்க வந்த விவசாயப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அவர் ஒரு தந்திரம் செய்தார். பிடிலின் நாலு தந்திக்கு நாலு இடைவெளி வரும்படி தாளில் கோடு போட்டு, எந்த விரலை எங்கே வைப்பதென்று இலக்கத்தால் குறித்தார். ஒரு தாளில் ஒரு மெட்டு அடங்கும். அடுத்த கிழமை வருமுன் மாணவன் அதைக் கையில் ஏற்றியிருக்க வேண்டும். அந்தத் தாள்கள் பல வீடுகளில் பெட்டிக்குள் தங்கின. டெனிஸ் மர்ஃபி, அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்ட் போன்ற அவருடைய மாணவர்களின் வாசிப்பு பின்னாளில் இசைத்தட்டானது. ஜானி ஓலியரி வாசித்த மெட்டுகளைத் தொகுத்து டெரி மொய்லன் 1994இல் ஒரு புத்தகமே போட்டார். டப்ளினில் 1987இல் தொடங்கிய ஐரிஷ் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்துக்குப் போனால், ஓர் ஒலிப்பதிவோடு வாசித்தவர் யார், எந்த ஊர் என்ற விவரமும் சேர்ந்தே கிடைக்கும்.

ஒரு காலத்தில் ஒழுக்கக் கேடென்று ஏசப்பட்ட போல்கா, இன்று ஷ்லீவ் லூக்ராவின் அடையாளம்.

சப்ரகமுவத் தோட்டங்களின் தப்புக்கும் இதே போன்ற பயணம் உண்டு. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை என்று பல சீமைகளிலிருந்து பெரிய கங்காணிமார் ஆள்கட்டி வந்த காலத்தில், ஆட்களோடு சேர்ந்து தப்பும் கப்பலேறியது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி எல்லாம் அந்த மூட்டையில் இருந்தவைதாம். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் காமன் பண்டிகை ஒடுங்கிவிட்ட பிறகும், இலங்கை மலையகத்தில் அது மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனத்தோடு முடியும் முழுக் கூத்தாக நின்றது.

தோட்டத்தில் தப்புக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். விடியுமுன் ஆட்களை எழுப்புவது. பெரட்டுத் தப்பு என்று அதற்குப் பெயர். ‘பரேட்’ என்ற பட்டாளத்து ஆங்கிலச் சொல்தான் லயத்து வாயில் பெரட்டானது. ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்குப் பார்த்து வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக் களம். ரப்பர் தோட்டத்தில் இது இன்னும் கறாராக இருந்தது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். இருட்டோடு எழும்பிச் சிரட்டையையும் வாளியையும் பார்க்க வேண்டும். ஆக, கேகாலை மாவட்டத்துப் பால்வெட்டுக்காரர்களின் இரண்டு மூன்று தலைமுறை அந்த அடியில்தான் கண் விழித்தது. துரைமார் தங்கள் நினைவுக் குறிப்புகளில் அதை ‘டொம் டொம்’ என்று இரண்டு எழுத்துச் சத்தமாக எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் காதுக்கு அவ்வளவுதான் கேட்டது. லயத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு வேலைக்கூப்பாட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று வேறுபாடு தெரிந்திருந்தது.

மலையக இலக்கியத்தில் இதற்கெல்லாம் பதிவே இல்லையென்று சொல்ல முடியாது. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பை 1983இல் வெளியிட்டார். மறுவருடமே காலமானார். கூலிக்காரர் பாட்டென்று ஒதுக்கப்பட்டதை இலக்கியமென்று தூக்கி நிறுத்தியவர்களில் அவர் முதல்வர். மாத்தளை வடிவேலன் காமன் கூத்து உட்பட மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பல்கலைக்கழக மாணவர்களும் ஆய்வேடுகள் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அநேகமாக எல்லாரும் எடுத்துக்கொண்டது சொல்லைத்தான். பாட்டின் வரி தாளில் ஏறியது, மெட்டு ஏறவில்லை. தாலாட்டுக்குரிய ஏற்ற இறக்கம் எது, ஒப்பாரியில் எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், கும்மியில் கைதட்டு எந்தச் சொல்லில் விழும் என்பதை அச்செழுத்து சொல்லாது. சொல்லே இல்லாத தப்படியின் கதி இன்னும் மோசம். ‘தப்பு முழங்கியது’ என்ற இரண்டு சொல்லோடு கட்டுரையாளர் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார். நூறு வருடத்துக்கு மேல் ஒரு சமூகத்தின் பிறப்பு, பூப்பு, வேலை, வேலைநிறுத்தம், சாவு எல்லாவற்றிலும் கூட இருந்த ஒலி, அந்தச் சமூகத்தின் நூலகத்தில் ஊமையாகக் கிடக்கிறது.

இந்தக் குறை மலையகம் முழுவதற்கும் பொது. அப்படியிருக்கச் சப்ரகமுவையைத் தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்து இன்னொரு தோட்டம். தமிழ்ச்சனம் அடர்த்தியாக வாழ்கிறது. ஒரு தோட்டத்தில் கூத்து நின்றால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாஸ்டரைக் கூட்டிவந்து மறுபடி தொடங்கலாம். சப்ரகமுவையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிங்கள மக்கள். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்று தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகக் கிடக்கின்றன. உயர்தரம்வரை தமிழில் படிக்கப் பல தோட்டத்துப் பிள்ளைகள் தூரம் போக வேண்டும். பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், எழுத்தில் சிங்களம் என்றாகிறது. அந்தப் பிள்ளைக்குக் காமன் பாட்டின் வரி புரியாமல் போகலாம். அடி புரியும், அதற்கு எழுத்து வேண்டாம். சொல் கைவிட்ட இடத்தில் கடைசிவரை கூட நிற்பது ஒலிதான்.

போன ஆட்களோடு போன அடிகளுக்குக் கணக்கில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் சாமான் பட்டியலில் பித்தளைக் குடமும் தகரப்பெட்டியும் இருந்திருக்கும். அடிக்கத் தெரிந்த கையைப் பட்டியலில் எழுத முடியாது. பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். இங்கே எஞ்சியவர்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தடுமாறினார்கள். 1977இலும் 1983இலும் வன்செயலைக் கண்டார்கள். இரண்டுக்கும் நடுவே, 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் எரிந்தன. காவத்தையிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் குடும்பங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தன. வன்னிக்குப் போனவர்களும் உண்டு. ஒரு தப்புச் செட்டு என்பது நாலைந்து பேரின் பழக்கம். ஒருவர் கோத்தகிரியிலும் ஒருவர் வவுனியாவிலும் ஒருவர் இறக்குவானையிலும் இருந்தால் அந்த அடி மறுபடி கூடாது.

அயர்லாந்திலும் பஞ்சம் ஆட்களைக் கப்பலேற்றியது. ஆனால் அங்கே போனவர்களே எழுதினார்கள். கோர்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ நகரப் பொலிஸ் தலைவரான பிரான்சிஸ் ஓநீல், தன் பொலிஸ்காரர்களிடமும் பிற குடியேறிகளிடமும் கேட்டுக் கேட்டு 1,850 மெட்டுகளைச் சேர்த்து 1903இல் அச்சிட்டார். நீலகிரியில் இருக்கும் பழைய சப்ரகமுவத் தப்புக்காரர்களை யாராவது தேடிப் போக வேண்டும். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

தூரத்து அயர்லாந்தை விடுவோம். பக்கத்து ஊரையே பார்க்கலாம். இலங்கையின் மூன்று மரபு நடனங்களில் ஒன்றின் பெயரே சப்ரகமுவ நடனம். அதன் வாத்தியம் தவுல். ஒரு முகத்தைக் குச்சியாலும் மறுமுகத்தைக் கையாலும் வாசிக்கிறார்கள். கோயில் தவிலுக்கும் அதற்கும் பெயரிலும் கைமுறையிலும் உள்ள உறவு எந்த மலையகப் பிள்ளைக்கும் உடனே விளங்கும். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்துப் பெரஹரவில் அது முழங்குகிறது. அந்த முழக்கத்தின் சொற்கட்டுகள் பாடசாலை நடனப் பாடத்திலும் பல்கலைக்கழக வகுப்பிலும் இடம்பெறுகின்றன. அந்தத் தவுலை வாசித்தவர்களையும் சாதிப்படியின் கீழ்த்தட்டில் வைத்தது சிங்களச் சமூகம். என்றாலும் வாத்தியம் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரே மாவட்டம், ஒரே மழை, தோலைக் காய்ச்சும் ஒரே பிரச்சினை. மலைக்குக் கீழே உள்ள பறைக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. மலைக்கு மேலே உள்ள பறைக்கு ஒரு கொப்பிகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். தப்பைக் காப்பாற்று என்று சொல்வது யாரைப் பார்த்து? சாவு வீட்டில் இரவெல்லாம் அடித்துவிட்டு, விடிந்ததும் தனிக் கோப்பையில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்த மனிதரின் பேரப்பிள்ளையைப் பார்த்தா? சாதியின் பேரால் சுமத்தப்பட்ட கட்டாயத் தொழில் அது. தோட்டத்துரை அதைப் பெரட்டுக்குப் பயன்படுத்தினார். கங்காணி அதைத் தன் பெருமைக்குப் பயன்படுத்தினார். ஊர் அதைத் தன் தீட்டைக் கழுவப் பயன்படுத்தியது. அந்தப் பிள்ளை தப்பைத் தொட மாட்டேன் என்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனால், அதைக் கலை அழிவு என்று புலம்புவதற்கு மற்றவர்களுக்கு உரிமை கிடையாது.

அடிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்துவது வேறு, அடித்தவரின் அறிவைப் பதிவது வேறு. சாவுக்கு அடிக்கும் கடமையை மறுப்பவரே அந்த அடியின் சொந்தக்காரராகவும் இருக்கலாம். உண்மையில் பெயரை எழுதாமல் விட்டதும் அதே சாதியின் வேலைதான். கூத்து மாஸ்டர் பெயர் நினைவிருக்கிறது, கோயில் தர்மகர்த்தா பெயர் கல்வெட்டில் இருக்கிறது, மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர் மணியிலேயே இருக்கிறது. தப்புக்காரர் மட்டும் ‘தப்புக்காரன்’. தமிழ்நாட்டில் இந்த நிலை கொஞ்சம் அசைந்திருக்கிறது. அங்கே பறையிசைக் குழுக்கள் சாமிச்சாட்டு அடி, டப்பா அடி, பாடம் அடி என்று அடிகளுக்குப் பெயர் சொல்லி, வகுப்பு வைத்துக் கற்பிக்கின்றன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்தே ஊர் ஊராகப் போனார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ‘ஆசான்’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிய அந்தச் சொல்லுக்கு ஒரு விருதின் எடை உண்டு.

இலங்கையிலும் கலாசாரத் திணைக்களம் மூத்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் தருகிறது. மலையகத்துக் கூத்துக் கலைஞர்கள் சிலரும் பெற்றிருக்கிறார்கள். பொன்னாடை, சான்றிதழ், படம், பத்திரிகைச் செய்தி. வீட்டுக்குப் போனபின் அவருக்குத் தெரிந்த அடிகளை யாராவது பதிந்தார்களா என்றால், அது விருதின் வேலையில்லை என்பார்கள். 2023இல் ‘மலையகம் 200’ நிகழ்வுகள் நாடெங்கும் நடந்தன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை சனம் நடந்தது. முதல் தலைமுறை நடந்த பாதையை மறுபடி மிதித்தது பெரிய காரியம். அந்த வருடம் எழுந்த உணர்ச்சியில் ஒரு பங்காவது ஒலிப்பதிவுக்குத் திரும்பியிருந்தால் இன்று கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

காப்பாற்றுவது என்றதும் சுத்தம் பார்க்கத் தொடங்குவோரிடமும் கவனம் தேவை. சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், பைலா கலந்துவிட்டது, பாப்பரே பேண்டைப் பார்த்துப் பழகிவிட்டார்கள், பழையது கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பது சுலபம். கேலிக் லீக் போல்காவுக்குச் செய்த பிழை அதுதான். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்ட் மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரங்கள் இயற்றினார். ‘ஸந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அதனால் கர்நாடக சங்கீதம் கெட்டுப்போகவில்லை. இலங்கைப் பைலாவே போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் இறங்கிய கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையின் வழிவந்தது. சப்ரகமுவத் தப்புக்காரர் சிங்களக் கிராமத்துத் தவுலிலிருந்து ஒரு திருப்பத்தை எடுத்துத் தன் அடியில் சேர்த்திருந்தால், அதுவும் குறித்துவைக்க வேண்டிய வரலாறு. எங்கிருந்து வந்தது என்று எழுதிவிட்டால் போதும், விலக்கிவைக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன? பெரிய நிதியும் வெளிநாட்டு நிபுணரும் இல்லாமலே தொடங்கக்கூடிய சில வேலைகள் கண்முன்னே இருக்கின்றன.

முதலாவது, பாடசாலை. வருடந்தோறும் தமிழ்மொழித் தினப் போட்டி நடக்கிறது. நாட்டார் பாடலும் கிராமிய நடனமும் மேடையேறுகின்றன. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் சீடியிலும் யூடியூபிலும் தேடிப்பிடித்த பாட்டைப் பழக்குவதே வழக்கமாகிவிட்டது. போட்டி விதியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: இந்தப் பாட்டை, இந்த அடியை, எந்தத் தோட்டத்தில் யாரிடம் கற்றீர்கள் என்று எழுதித் தர வேண்டும், சொந்தத் தோட்டத்தில் கற்றதற்குத் தனிப்புள்ளி. அடுத்த தவணையிலேயே பிள்ளைகள் லயத்துக் கிழவிகளின் திண்ணைக்குப் போவார்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகம். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரே சப்ரகமுவ. அதன் வாசலிலிருந்து பலாங்கொடைத் தோட்டங்கள் கொஞ்ச தூரம்தான். அங்குள்ள மொழி, சமூகவியல் மாணவர்களுக்குக் களஆய்வு கட்டாயம் என்றால், ஓர் ஆண்டுக்கு ஒரு தோட்டத்தின் ஒலியையாவது முழுமையாகப் பதியலாம். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் சேர்ந்தே போகட்டும். தவுல் தெரிந்த மாணவரின் காதுக்குத் தப்பில் கேட்பது தமிழ் படித்தவரின் காதுக்குத் தப்பிவிடக்கூடும்.

பதிந்ததை வைக்க இடமும் உண்டு. 2005 முதல் இயங்கும் நூலக நிறுவனம் புத்தகங்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிமமாகச் சேர்த்து இலவசமாக எல்லாருக்கும் திறந்துவைக்கிறது. தொலைபேசியில் எடுத்த பதிவை அனுப்பினாலே ஆரம்பம்தான். முகநூலில் போட்டு முந்நூறு விருப்பம் வாங்கி மறுநாள் காணாமல் போவதை விட அது மேல்.

மூன்றாவது, காசு. பதிவுக்கு உட்காரும் தப்புக்காரர் அன்றைய பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்கிறார். அவருடைய நாட்சம்பளத்துக்குக் குறையாத தொகையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒலிவாங்கியை எடுக்க வேண்டும். பதிவை எங்கே போடுவோம், யார் கேட்பார்கள் என்பதை அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். சாவு அடியைப் பதிய மறுத்தால், மறுப்பையும் மதிக்க வேண்டும்.

அடியை எப்படி எழுதுவது என்று மலைப்போர் ஓகீஃபின் தாளை நினைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியக் குறிப்பும் வேண்டாம், கர்நாடகச் சுரமும் வேண்டாம். தப்புக்காரர்கள் தங்களுக்குள் அடியைச் சொல்லிக்கொள்வது வாயாலேதான். அந்த வாய்ச்சொல்லை அப்படியே எழுதி, அடிக்குச்சிக்கு மேலே ஒரு கோடு, சிண்டுக்குச்சிக்குக் கீழே ஒரு புள்ளி போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பக்கத்தில் ஒலிப்பதிவு இருக்கும்போது எழுத்து பூரணமாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமுமில்லை.

பெயர் எழுதும்போது தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. பாலிடெஸ்மண்ட் ஊருக்கே கிங்வில்லியம்ஸ்டவுன் என்று ஆங்கில அரசனின் பெயர் இருந்தது; பின்னால்தான் ஐரிஷ் பெயர் வந்தது. நமது தோட்டங்களுக்கும் கம்பனிக் கணக்கில் ஒரு பெயர், சனங்களின் வாயில் இன்னொரு பெயர். இரண்டையும் எழுத வேண்டும். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்றும் எழுத வேண்டும். ஒரே தோட்டத்தில் இரண்டு பிரிவுக்கும் காமன் வேறு, அடியும் வேறாக இருக்கலாம். “அவனுங்க அடிக்கிறது அப்படி, நாங்க அடிக்கிறது இப்படி” என்று கிழவர் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் அந்த வேறுபாட்டில்தான் பாதி வரலாறு இருக்கிறது.

அடுத்த மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. காமன் பொட்டலுக்குப் போகும் ஆசிரியரோ மாணவரோ எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. மின்னேற்றம் நிறைந்த ஒரு தொலைபேசி, நாற்பது தாள் கொப்பி, பேனை. முதல் பக்கத்தில் தோட்டம், பிரிவு, திகதி. கீழே: வீரபத்திரன் வரவு அடி, அடித்தவர் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர், அதற்கு முந்தியவர் பெயர் தெரிந்தால் அதுவும், தெரியாவிட்டால் அந்த இடம் வெறுமையாக. சப்ரகமுவ மழையை நம்ப முடியாது. கொப்பியைச் சுற்றிவைக்க ஒரு பொலித்தீன் உறையும் வேண்டும்.